ஒத்திகை அண்ணனும் உப்புத் தண்ணியும்

பயப்படுவதை ஒரு முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடாமல் பார்த்த ஒரே மனிதர் இந்த மதுரையில் எங்கள் ஒத்திகை அண்ணன்தான். இல்லை, எங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுவோம்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, கரண்டு பில்லில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி வந்த கொரியர்காரரை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று எங்கள் தெருவே திருப்பி அனுப்பியிருக்கிறது. வாழ்க்கையில் எது நடப்பதாக இருந்தாலும் அதை முதலில் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. "ஒரு தடவ செஞ்சு பாத்துட்டா பயம் விட்ரும் தம்பி" என்பார். செய்து பார்த்த பிறகு அவருக்குப் பயம் இரண்டு மடங்காவதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிது. ஒரு ஞாயிறு காலை அண்ணன் வந்து, கொஞ்சம் கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். பீரோ நகர்த்துவார் போலிருக்கிறது என்று போனேன். மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இப்ப நெஞ்சு வலி. கீழ கொண்டு போங்க" என்றார். வலி வரவில்லை. வந்தால், மாடிப்படி திரும்புகிற இடத்தில் நாற்காலி திரும்புமா என்று தெரிய வேண்டுமாம். நானும் கீழ்வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். தத்ரூபமாக இருக்கட்டும் என்று அண்ணன் கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். படி முக்கில் நாற்காலி சிக்கிக்கொண்டது. சிக்கிய நேரத்தில் தெருவில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அயர்ன்காரர் ரேடியோவை நிறுத்தினார். யாரோ செருப்பைக் கழற்றினார்கள். நாங்கள் முக்கி முனகி வாசலில் கொண்டுவந்து இறக்குவதற்குள் முக்குக் கடையிலிருந்து ரோஜா மாலையே வந்துவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்து, "யாருக்கு?" என்றார். மாலை கொண்டுவந்தவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பூக்கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார், வீட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்கையில் அண்ணனுக்கு மட்டும் வேறு கவலை. மாலையைத் தூக்கிப் பார்த்து, "நம்ம தெருவுல எனக்கு இம்புட்டுத்தானா?" என்றார். அன்றைக்குப் பூராவும் மாலை சின்னதாகப் போன வருத்தத்திலேயே இருந்தார்.

மகள் கல்யாணத்துக்கு முன்னால் பந்தி ஒத்திகை நடந்தது. தெருக்காரர்களை எல்லாம் மாப்பிள்ளை வீட்டாராக நியமித்தார். எனக்குக் கோபக்காரச் சித்தப்பா வேஷம். பாயசம் வரவில்லை என்று இலையை மடக்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும். மடக்கினேன், எழுந்தேன், பெண் வளர்த்த லட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை சொந்தமாகவும் சேர்த்தேன். அண்ணன் நிஜமாகவே கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இம்புட்டும் உங்களுக்கு எங்கேயிருந்து வருது என்று என் வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிஜக் கல்யாணத்தில் யாருமே கோபித்துக்கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டார் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். அண்ணன் மண்டபத்துத் தூணோரம் வியர்த்துப்போய் நின்றார். "ஏன் தம்பி ஒருத்தரும் கோவிக்கல? என்னத்தையோ மனசுல வச்சிருக்காக" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் மதினி இருந்தார். அண்ணன் சம்சாரம், பேரையூர்ப் பக்கம். நெஞ்சு வலி ஒத்திகைக்கு அழச் சொன்னால் அழுவார், பந்தி ஒத்திகைக்குப் பரிமாறச் சொன்னால் பரிமாறுவார். முடிந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டும் பார்த்ததில்லை.

அண்ணன் ரிட்டயர் ஆன அன்றைக்கு மகள் வந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வேணும் என்று கேட்டது. அண்ணன் ஒரு பி.பி. மிஷின் கேட்டார். மதினி, "கடலுப் பக்கத்துல ஒரு வீடு" என்றார். கேசரித் தட்டோடு நின்ற நான் உட்பட எல்லாரும் சிரித்தோம். ரெண்டு நாள் ராமேஸ்வரம் போயிட்டு வரலாம்மா என்றது மகள். மதினி சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளுக்கு இல்லடி. வருசம் பூரா இருக்கணும். லாரித் தண்ணிக்குக் குடத்த வரிசைல போட்டுட்டு உக்காந்து வளந்தவ நான். கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ ராமேஸ்வரம் போனப்ப பாத்தேன். அம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒருத்தரும் வரிசைல நிக்கல. உங்கப்பா பயந்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கூட்டியாந்துட்டாரு. நான் இன்னும் அதப் பாத்து முடிக்கல."

அதற்குப் பிறகு யாருக்கும் கேசரி இறங்கவில்லை.

அண்ணனுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை இங்கே சொல்லியாக வேண்டும். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் அந்த ரோட்டில் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் பாலத்தின் மேல் பஸ் போகிறவரைக்கும் ஜன்னலைச் சாத்திக் கண்ணை மூடிக்கொள்வார். இவராவது கடலோரத்துக்குப் போவதாவது, எப்படியும் தட்டிக்கழித்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் முடியாது என்று சொல்லவில்லை. முகம் வெளுத்துப்போய் சில நாள் திரிந்தார். பிறகு என்னிடம் வந்து, கடலோரத்தில் வருசம் பூரா இருந்தால் என்னென்ன ஆகும் என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காத்து, உப்பு, துரு, மணல், சத்தம் என்று அடுக்கிவிட்டேன்.

மறுநாளே மாடி கடற்கரை ஆகிவிட்டது. கட்டிலைச் சுற்றி மூன்று ஃபேன். மொட்டை மாடியில் மணல் கொட்டி, அதை மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். போனில் அலைச் சத்தம் போட்டு ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார், காலையிலிருந்து பொழுதடையும்வரை அலை அடிக்கிறது. கே.கே. நகர் வெயிலில், தெருவில் சிமெண்டு ரோடு கொதிக்கையில், அந்தச் சத்தத்தைக் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். துரு எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று பார்க்க கல் உப்பைக் கரைத்து கேட்டில் அடித்தார். அடித்ததில் பாதி, கேட்டுக்கு வெளியே நிழலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரில் விழுந்தது. கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஸ்கூட்டர் சைலன்சர் மாசி மாதம் நடு ரோட்டில் கழன்று விழுந்தது.

மதினி மட்டும் அந்த ஃபேன் காற்றுக்கு நடுவில், மணல் காலோடு, அலைச் சத்தத்தைக் கேட்டபடி பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் நான் சைலன்சரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"எல்லாத்தையும் தாங்கிக்கலாம் தம்பி. இந்தச் சத்தந்தான். அது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டார் அண்ணன்.

"நிக்காதுண்ணே."

"கரண்டு போனாக்கூடவா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார். அத்தனை நாளாக ஸ்பீக்கர் அலையையே கேட்டுப் பழகிவிட்ட மனிதர்.

வீடு பார்க்கக் கிளம்பினோம். என் கார், என் பெட்ரோல், அவர் பயம். ஆடி மாதம்தான் கிளம்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆடியில் யாராவது வீடு பார்ப்பார்களா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டுத் திட்டினார்கள். "ஆடியில வாங்கத்தான் கூடாது, பயப்படலாம்ல. நல்ல மாசத்துல எல்லா வீடும் நல்லாத்தான் தெரியும்" என்றார். அது என்னவோ நியாயந்தான். ஆடிக் காற்றில் கடல் புரளுகிற நேரத்தில் போனால் எந்த வீட்டுக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஜன்னல் கம்பி விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இன்னொரு வீட்டில் மணல் பாதிச் சுவருக்கு ஏறி நின்றது. கடலுக்குக் கிட்டே இருந்த வீடுகளை, அலை வந்துவிடும் என்று வேண்டாம் என்றார். தள்ளி இருந்த வீடுகளை மதினி, கடல் தெரியலையே என்றார். இப்படியே ராமநாதபுரம் சீமையின் கரை முழுவதும் அலைந்தோம். அண்ணன் பின்சீட்டில் பி.பி. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடு பார்த்து வந்ததும் கையில் பட்டையைச் சுற்றிக்கொள்வார்.

கடைசியில் ஒரு சின்ன ஊரில் அந்த வீடு அமைந்தது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் மதுரைக்காரர்கள் எல்லாம் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று அண்ணன் உத்தரவு. ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா வீடு. வீட்டுக்காரர் காலமாகி, கோயம்புத்தூரில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று விற்கிறார். நாலு தென்னை, கெட்டியான கட்டடம், கொல்லையில் ஒரு உறைக்கிணறு. கொல்லைப்படியில் நின்றால் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் கடல்.

டீச்சர் கிணற்றில் இறைத்துக் கொடுத்த தண்ணீரை மதினி ஒரே மூச்சில் குடித்தார். "ஏங்க, இனிக்குதுங்க" என்றார். பிறகு கொல்லைப்படிக்குப் போய் நின்றவர், நாங்கள் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. அண்ணன் பக்கத்தில் போனபோது, "இதாங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் கடலைப் பார்க்கவில்லை, மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. அண்ணனுக்குக் கிணறு உறுத்த ஆரம்பித்தது. பன்னிரண்டு அடியில் தண்ணீர் கிடக்கிறது, அது எப்படி என்பது அவர் கவலை. மதுரைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் ஆழம். ஆனையூரில் அவருடைய தம்பி எண்ணூறு அடிக்குப் போர்வெல் போட்டும் புகைதான் வந்தது. தோண்டத் தோண்டத்தான் நல்ல தண்ணி என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மேலாக்க இருக்கிற தண்ணீர் சித்திரையில் வற்றிவிடும், வருசம் பூரா இருக்க வந்தவள் மறுபடியும் குடத்தோடு நிற்க வேண்டும் என்று புலம்பினார். பத்திரம் முடிக்கும் முன் கொல்லையில் ஒரு போர் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, நானும் மதுரைக்காரன்தானே.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். இங்கே மழைத் தண்ணீர்தான் மணலில் இறங்கி மேலே நிற்கிறது, அதுக்குக் கீழே முழுக்க உப்பு, இந்த ஊரில் யாரும் ஆழம் போக மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினார். அண்ணன் என் காதில், "விக்கிறவுக அப்படித்தான் சொல்லுவாக" என்றார். அட்வான்ஸையும் தள்ளிப்போட்டுவிட்டு, புரட்டாசி வரைக்கும் தினமும் போன் போட்டுக் கெஞ்சினார். தொல்லை தாங்காமல், அதுவும் மதினி முகத்துக்காக, டீச்சர் சரி என்றார்.

மதுரையிலிருந்தே போர் லாரி போயிற்று, உள்ளூர் ஆளை அண்ணன் நம்பவில்லை. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. லாரிக்காரர் பாவம், வருசக்கணக்கில் வெறும் பாறையைத் துளைத்துப் புழுதி குடித்தவர், துண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கண்ணில் தண்ணீர். நானும் கைதட்டினேன். "இன்னும் போங்க, இன்னும் நல்லாருக்கும்" என்று அண்ணன் கத்த, அவர் இன்னும் இறக்க, கொல்லை முழுக்கத் தண்ணீர் கணுக்கால் நனைய நிற்கிறது. மதுரையில் இப்படி ஒரு போர் வாய்த்தால் தெருவே கூடி அந்த லாரிக்காரருக்கு மாலை போடும்.

டீச்சர் மட்டும் கொல்லைப்படியில் அசையாமல் நின்றார். அண்ணன் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. நான் குடித்தேன். லாரிக்காரர் குடித்தார். கடலைப் பார்த்தோம், கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தோம். இரண்டும் ஒன்றுதான்.

அதோடு போகவில்லை. கொல்லையில் நின்ற உப்புத் தண்ணீர் பூராவும் மணலில் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை டீச்சர் ஒரு வாளி இறைத்து, தம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, தம்ளரைக் கவிழ்த்துவைத்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்தத் தண்ணியத்தான் குடிச்சேன். எங்க வீட்டுக்காரர் வாயில கடைசியா ஊத்துனதும் இந்தத் தண்ணிதான். ஒரு நாள்ல கெடுத்துட்டீகளே" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "நான் வீட்ட விக்கல. பேசுனதெல்லாம் மறந்துருங்க. கெளம்புங்க."

காரில் மதுரைக்குத் திரும்பினோம். அண்ணன் பி.பி. மிஷினைத் தொடவில்லை, அது கீழே காலடியில் கிடந்தது. பரமக்குடி தாண்டியதும் மதினி ஜன்னலைப் பார்த்தபடியே, "பரவால்ல விடுங்க. மொட்ட மாடில மணல் இன்னும் இருக்குல்ல" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம் அந்த அம்மா.

மானாமதுரை கிட்டத்தில் அண்ணன், "தம்பி, வண்டியத் திருப்பு" என்றார்.

"எதுக்குண்ணே?"

"கெடுத்தது நான். நான் போயித்தான் நிக்கணும்."

"போயி என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

பல் டாக்டரிடம் போவதற்கே கண்ணாடி முன் வாயைத் திறந்து பழகிவிட்டுப் போகிற மனிதர், என்ன பேசுவது என்றே தெரியாமல் ஒருத்தர் வீட்டு வாசலுக்குப் போகிறேன் என்கிறார். அந்தம்மா நாயை அவிழ்த்துவிட்டாலும் விடலாம். திருப்பினேன்.

டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். அண்ணன் வாசலில் நின்றே பேசினார். "கிணறு நல்லா ஆகுறவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன். தண்ணி திரும்புச்சுன்னா வீட்ட எங்களுக்குக் குடுங்க. திரும்பலன்னாலும் எங்களுக்கே குடுங்க, உப்புத் தண்ணி வீட்ட வேற யாரு வாங்குவா."

டீச்சர் அவரையே பார்த்தார். "ரெண்டு விதத்துலயும் நீங்கதான் வாங்குறீகளா?" என்றார். பிறகு, "என் கிணத்தக் கெட்டபடிக்கு விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன். மழை முடியட்டும். தண்ணி திரும்புனா பேசுவோம், இல்லன்னா இல்ல" என்றார். பின்னால் ஒரு ஒற்றை அறை காலியாகக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டார்.

போர்க் குழிக்குள் களிமண்ணும் சிமெண்டும் கொட்டி மூடினார்கள். தண்ணீரைக் கண்டாலே கண்ணை மூடுகிற அண்ணன், ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஒற்றை அறையில் மதினியோடு இருந்தார். காலையில் எழுந்ததும் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடிப்பார். குடித்துவிட்டு எனக்கு போன். "இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு தம்பி" என்றால் உப்பு அம்புட்டு என்று அர்த்தம். பிறகு புளிக்குழம்புக்கு வந்தது. ஒரு வாரம் மழை இல்லாமல் போனதும் மறுபடி கருவாட்டுக்கே போய்விட்டது. அன்றைக்கு அவர் குரலைக் கேட்டு எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. மழை பெய்ததும் ரசத்துக்கு வந்தது. சில நாள் ரசத்திலேயே நின்றது. இங்கே கே.கே. நகரில் என் வீட்டுக்காரி, காலை டிபனுக்கு முன்னால், என்னவாம் இன்னைக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் புயல் அறிவிப்பு வந்தது. அந்த ஊர்ப் பக்கமாகத்தான் கரை கடக்கும் என்று டி.வி.யில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நான் போன் போட்டு, உடனே பஸ் ஏறி வாங்கண்ணே, கிணறு எங்கேயும் ஓடிவிடாது என்றேன். "கடல் உள்ள வந்துச்சுன்னா? இப்பத்தான் ரசத்துக்கு வந்திருக்கு" என்றார். ஆட்டோவில் மைக் வைத்துக்கொண்டு, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அறிவித்துக்கொண்டு போவது எனக்கே கேட்டது.

மத்தியானம் மதினி போன் செய்தார். பின்னால் காற்று கூவுகிறது. "தம்பி, உங்க அண்ணன் கிணத்தச் சுத்தி மணல் மூட்ட அடுக்கிட்டு, மேல தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்காரு. டீச்சரக்கா ஒரு முனையப் புடிச்சிருக்காக. நான் போயி இன்னொரு முனையப் புடிக்கிறேன்" என்றார். அத்தோடு லைன் போய்விட்டது.

அன்றைக்கு சாயங்காலமும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலும் கிடைக்கவில்லை. நான் போட்ட போனுக்கு அந்தப் பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அண்ணன் மகள் சென்னையிலிருந்து போனில் அழுகிறது. நான் என்ன செய்வேன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனிதரை ஜாக்கிரதையாக இருப்பார் என்று நம்பித்தானே விட்டோம், அவர் போய்ப் புயலில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று யார் கண்டது. கார் சாவியை எடுத்தேன். ரோடெல்லாம் மரம் விழுந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரி வாசலை மறித்தாள். வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வேறு ஏதோ நம்பர்.

"தம்பி."

"அண்ணே, எங்கண்ணே இருக்கீக? நல்லாருக்கீகளா?"

அந்தப் பக்கம் எதையோ மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் வந்தது. பிறகு, "இளநி" என்றார்.

நான் கார் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கடல் உள்ளே வரவில்லை. கொட்டிய மழை மொத்தமும் மணலில் இறங்கியிருக்கிறது. காற்றுக்கு நாலு தென்னையில் ஒன்று போயிற்று, டீச்சரும் மதினியும் அண்ணனும் கிணற்றடியில் ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்களாம்.

தையில் பத்திரம் முடிந்தது. பால் காய்ச்சும்போது, முதல் வாளித் தண்ணீரை நான்தான் இறைப்பேன் என்று டீச்சர் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்திருந்தார். பால் பொங்கியதும் அண்ணன் அழுதார், டீச்சர் அழுதார். மதினி மட்டும் அழாமல், எல்லாருக்கும் காபியைக் கொடுத்துவிட்டு, தன் தம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்படிக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்தவரை அன்றைக்குப் பூரா யாரும் எழுப்பவில்லை.

போன மாதம் போயிருந்தேன். மதினி சாயங்காலம் தண்ணீரோரம் போய்க் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் நன்றாகத் தள்ளி, காய்ந்த மணலில், மதினியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கடலில் கால் வைக்கவில்லை.

"பயம் போயிருச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க போகும்? இங்கதான் இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டார். "ஆனா அவ அங்க உக்காந்திருக்கால்ல."

இப்போதெல்லாம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டி.வி.யில் ஒரு வரி ஓடினால் போதும், நான் தட்டோடு எழுந்து அதன் முன்னால் போய் நின்றுவிடுகிறேன். மதுரைக்கா வரப்போகுது, உக்காந்து சாப்பிடுங்க என்கிறாள் என் வீட்டுக்காரி. மதுரைக்கு வராதுதான். ஆனாலும் அண்ணன் போனை எடுத்து, "என்ன தம்பி" என்று கேட்கிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.